இரண்டு மில்லிமீற்றர் துளை

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பிளாஸ்ரிக் பெட்டியின் கொழுவி பிரியந்தினியின் கையோடு உடைந்து வந்துவிட்டது. உள்ளே, மூடிக்குச் சற்றுக் கீழே, கறுப்பு விதவைச் சிலந்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூடி ஒரு பக்கம் கிளம்பியதும் அது ஒரு காலை மட்டும் நீட்டி இழையைத் தொட்டுப் பார்த்தது. பிரியந்தினி மூடியை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தட்டில் கிடந்த ஒட்டுநாடாவைத் தேடி எடுத்து, பெட்டியைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றினாள். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

சிலந்தி அவளுடைய கணவன் லதீசன் வளர்த்தது. லதீசன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினவன். கூட வேலை செய்த ஒருவர் வேறு ஊருக்கு மாறிப் போகும்போது சிலந்தியை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவன் மா போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் துளைகள் போட்டு, ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடியில் இருந்த அவர்கள் வீட்டின் சாமான் அறையில் அதைக் குடிவைத்தான்.

“விசத்தை வீட்டுக்குள்ள வைச்சு வளக்கப் போறியளோ?” என்று பிரியந்தினி சத்தம் போட்டாள்.

“அது தன்ர பாட்டுக்கு இருக்கும். நாங்கள் எங்கட பாட்டுக்கு இருப்பம்” என்றான் லதீசன்.

அப்படித்தான் ஒன்றரை வருசம் போனது. அவள் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. பெப்ரவரியில் ஒருநாள், வேலைக்குப் புறப்பட்ட லதீசன் பஸ் தரிப்பு வாங்கில் இருந்தபடியே இறந்துபோனான். நாற்பத்திரண்டு வயது. சாமத்தியவீடு, கலியாணவீடு என்று ஒன்றுக்கும் வராத சனமெல்லாம் செத்தவீட்டுக்கு வந்து போனது. எட்டாம் நாள் வீடு வெறுமையானபோது, சாமான் அறையில் ஒரு உயிர் இருப்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பெட்டியின் மேல் அவன் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. “ஞாயிறு. ஒரு சில்வண்டு. தண்ணி ரெண்டு துளி. அவசரப்படாதை.” தனக்காக எழுதி வைத்ததாக இருக்கும். பிரியந்தினி அதைத் தனக்கு எழுதியதாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்து அடுக்குகிற பிரிவில். கை நடுங்காமல் இடுக்கி பிடிப்பது அவளுக்குப் பழக்கம். ஞாயிறு தோறும் சின்ன ரோர்ச்சோடு அறைக்குள் போய், மூடியில் இருந்த சிறு வாசலால் ஒரு சில்வண்டை இறக்கிவிட்டு, கெதியாகக் கதவைச் சாத்திவிடுவாள். அதிக நேரம் நின்று பார்ப்பதில்லை. மார்ச்சில் வலையில் வெளிர் நிறத்தில் ஒரு உருண்டை தொங்கியதைக் கண்டாள். சாப்பாட்டைச் சுற்றி வைத்திருக்கிறது என்று நினைத்தாள். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பெட்டியின் மூடி முழுக்கப் பழுப்பு நிறத்தில் தூசி படிந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டாள்.

யூலையில் இரண்டு கிழமை துரொண்ட்ஹெய்மில் லதீசனின் தமக்கை வீட்டில் நின்றுவிட்டு வந்தபோது சிலந்தி மெலிந்து போயிருந்தது. பாதிக்கும் குறைவான உடம்பு. கறுப்பும் போய், பழுப்பு நிறத்தில் வெள்ளைக் கோடுகளோடு தொங்கியது. பிரியந்தினி அந்த அறைக்குள் முதல்முறையாக நிலத்தில் இருந்து அழுதாள்.

“நீயும் அவரைத் தேடுறியே?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு சில்வண்டு கொடுத்தாள். ஒக்ரோபர் வர அது திரும்பவும் கறுத்து, கடலைப் பருப்பளவுக்குத் திரண்டு மினுங்கியது. அந்த வருசம் அவளுக்குக் கிடைத்த முதல் சந்தோசம் அதுதான். லொரன்ஸ்கூக்கில் இருக்கும் தன் அக்கா ஆரபிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லவும் செய்தாள்.

“உனக்கென்ன பிடிச்சிருக்கு?” என்றாள் ஆரபி. “அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு இஞ்சை வந்து இரு.”

“அது அவரைத் தெரிஞ்ச உயிர், அக்கா.”



கொழுவி உடைந்த அன்றைக்கே பிரியந்தினி ரயிலேறி ஸ்ட்ரோம்மன் போனாள். அங்கே வளர்ப்புப் பிராணிகள் கடை ஒன்று இருந்தது. பின்பக்கத்தில், மீன்தொட்டிகளைத் தாண்டி, வெறும் கண்ணாடிக் கூடுகளை அடுக்கியிருந்தார்கள். அங்கே நின்ற பெண்ணிடம் நோர்வீஜிய மொழியில், கறுப்பு விதவைக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றாள். அந்த மொழியில் விதவைக்கு ‘எங்கெ’ என்று பெயர். உதவித்தொகைக் கந்தோரிலிருந்து அவளுக்கு வருகிற கடிதங்களில் இருப்பதும் அதே சொல். அதைச் சொல்லும்போது நாக்குத் தடக்கியது.

“அக்கா தமிழோ?” என்று அந்தப் பெண் கேட்டாள். பெயர் நிலானி. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். இங்கே பிறந்தவள். “நானும் மூண்டு எடர்கொப் வைச்சிருக்கிறன். சிலந்திதான். வீட்டில தெரியாது. மீன் வளக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்.”

பிரியந்தினி பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். முன்பக்கம் இரட்டைக் கதவு. உள்ளே கல், காய்ந்த மரக்கொம்பு எல்லாம் வைத்து அழகாக இருந்தது.

“வடிவுதான். ஆனா இதைப் பாருங்கோ.” நிலானி இரண்டு கதவுக்கும் இடையில் ஒரு தபாலட்டையைச் செருகிக் காட்டினாள். அது தடையில்லாமல் உள்ளே போனது. “பல்லிக்குச் சரி. இவைக்குச் சரிவராது. இவ்வளவு இடமும் இவைக்குத் தேவையில்லை. எங்கையோ ஒரு மூலையில போய் ஒளிஞ்சால் நீங்கள் தேடோணும். தேடுறதுதான் ஆபத்து.”

“அப்ப இது?” உயரமான குழாய் போன்ற ஒன்று. மேலே திருகு மூடி.

“இவை எப்பவும் உச்சியிலதான் வலை கட்டுவினம், மூடிக்குக் கீழ. நீங்கள் மூடியைத் திறந்தால் வலை கிழியும். ஆள் உங்கட விரலுக்குப் பக்கத்தில நிப்பா.” நிலானி குனிந்து கீழ்த்தட்டிலிருந்து சின்னதாக ஒரு பெட்டியை எடுத்தாள். இரண்டு சாண் உயரம், தடித்த அக்ரிலிக். கதவு முன்பக்கம் அடியில், இரண்டு விரல் போகுமளவுக்கு, திருகித் திறக்கிற மாதிரி. இரண்டு பக்கமும் நரைநிற உருக்கு வலை. “நான் இதைத்தான் வைச்சிருக்கிறன். சாப்பாடு கீழால, ஆள் மேல. இந்த வலையைத் தொட்டுப் பாருங்கோ. காத்து நல்லாப் போகும். குஞ்சுகூட வெளியில வராது.”

“குஞ்சோ?”

“ஓம். இப்ப வைச்சிருக்கிறதில ஓட்டை எவ்வளவு பெரிசு?”

“இவர்தான் துளைச்சவர். ரெண்டு மில்லிமீற்றர் இருக்கும்.”

நிலானி பெட்டியைத் தட்டில் வைத்தாள். “அக்கா, உங்களிட்டைப் படம் இருக்கே?”

பிரியந்தினி தொலைபேசியை எடுத்து, லதீசன் முன்பு எடுத்த படம் ஒன்றையும் தான் போன கிழமை எடுத்த படத்தையும் காட்டினாள். இடையில் அது நோய்ப்பட்டு மெலிந்து, நிறம் மாறி, திரும்பவும் தேறியதைப் பெருமையோடு சொன்னாள். நிலானி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் படத்தில் வயிற்றிலிருந்த சிவப்பு அடையாளம் நடுவில் அறுந்து இரண்டு முக்கோணங்களாக இருந்தது. இரண்டாவதில் அது ஒரே துண்டு, மணற்கடிகாரம் போல.

“ஹெரகூட்” என்றாள் நிலானி, மெதுவாக. கடவுளே என்று அர்த்தம்.

“என்ன?”

“சிலந்தி திரும்பச் சின்னனாகாது, அக்கா. இது ரெண்டும் வேற வேற ஆள். நீங்கள் கண்ட அந்த வெள்ளைக் கோடு போட்டது மகள். தாய் செத்திருப்பா. வலையில உருண்டை மாதிரி ஏதும் கண்டனீங்களோ?”

மீன்தொட்டிகளின் மோட்டர் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்பது போல இருந்தது. பிரியந்தினி தலையாட்டினாள்.

“அது முட்டைப் பை. ஒருக்கா சோடி சேந்தால் காணும், பிறகும் முட்டையிடுவினம். அண்ணா இதைப் பாத்துக்கொண்டிருக்கேக்க அதுகளை எடுத்து எறிஞ்சிருப்பார். அதுதான் ஓட்டையைப் பற்றி யோசிக்கேல்லை. ஒரு உருண்டைக்குள்ள இருநூறு இருக்கும். பொரிச்ச உடன ஒண்டு மண்ணளவுதான். இந்த ஒண்டைத் தவிர மற்றதெல்லாம் அந்த ஓட்டையால வந்திருக்கும். முக்கால்வாசி ஒண்டை ஒண்டு திண்டு முடிச்சிருக்கும். மிச்சத்துக்குச் சாப்பாடு வேணும். உங்கட வீட்டில ஷெக்க்ரே இருக்கோ?”

நீளமான மீசையுள்ள வெள்ளிப்பூச்சி அது. ஒஸ்லோவில் அது இல்லாத அடுக்குமாடி குறைவு. பிரியந்தினி வீட்டிலும் சுவரோரமெல்லாம் ஒட்டுப் பொறி வைத்திருந்தாள்.

“இருந்தது. கோடைக்குப் பிறகு ஒண்டும் விழுறேல்லை” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது விளங்கியது.

நிலானி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “இண்டைக்கு உங்கட வீட்டில படுக்காதேங்கோ, அக்கா. சொந்தக்காரர் ஆரும் இருந்தால் அங்கை போய்ப் படுங்கோ. நாளைக்கு எனக்கு லீவு. காலமை வாறன்” என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்கு நிலானி வந்தாள். தடித்த கையுறை, இரண்டு ரோர்ச், மூடியுள்ள சின்னச் சாடிகள் ஒரு பை நிறைய. வெளியே வானம் வெளுத்து, யன்னலில் பனித்தூறல் படிந்திருந்தது. சாமான் அறையில் லதீசனின் பெட்டியை மேசையில் வைத்து, ஒட்டுநாடாவைப் பிரித்து, அதிலிருந்த சிலந்தியைப் புதுப் பெட்டிக்கு மாற்றினார்கள். நிலானி ஒரு தூரிகையால் பின்பக்கம் தொட, அது அவசரமில்லாமல் நடந்து போய்ப் புதுப் பெட்டியின் உச்சியில் ஏறிக்கொண்டது. பழைய பெட்டியின் அடியில், மரப்பட்டைத் துண்டுக்குப் பின்னால், சுருண்ட கால்களோடு ஒரு வெறும் உடம்பு கிடந்தது. உமியைப் போல இலேசாக இருந்தது. பிரியந்தினி அதை இடுக்கியால் எடுத்துத் திருப்பினாள். இரண்டு சிவப்பு முக்கோணம் மங்கலாகத் தெரிந்தது.

“கடிச்சால் என்ன நடக்கும்?” என்று கேட்டாள்.

“சாகிறது குறைவு. ஆனா நோ பொல்லாதது. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். கை போடேக்க பாத்துப் போடுங்கோ. வேற எங்கையும் வலை கண்டனீங்களோ?”

“இல்லை.”

“இவையின்ர நூல் பலம், அக்கா. அறுந்தால் சத்தம் கேக்கும். கடதாசி கிழியிற மாதிரி.”

 பிரியந்தினி நடையில் இருந்த உடுப்பு அலுமாரியைக் கையால் காட்டினாள்.

அது லதீசனின் பக்கம். பெப்ரவரிக்குப் பிறகு அதில் ஒரு உடுப்பையும் அவள் அசைக்கவில்லை. கிழமைக்கு ஒருதரம், மனம் தாங்காத நாளில், கதவைத் திறந்து அவனுடைய பஸ் கொம்பனிக் கோட்டில் முகத்தை வைத்து நிற்பாள். கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பாள். அவன் நடக்கும்போது அவளுடைய கையைத் தன் கையோடு சேர்த்து அந்தப் பைக்குள்தான் வைப்பான். செப்ரெம்பர் தொடக்கம், கதவைத் திறக்கும்போதெல்லாம் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கதவோரத்து றப்பர் பழுதாகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

நிலானி கதவை இழுத்தாள். சர்ரென்றது.

ரோர்ச் வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நூல்கள் தெரிந்தன. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில், கொழுவியிலிருந்து சப்பாத்து வரைக்கும், ஒரு ஒழுங்கும் இல்லாமல், கண்ணாடி இழை போல. அடியில் வெள்ளிப்பூச்சிகளின் கோதுகள் குவிந்து கிடந்தன. குளிர் சப்பாத்துக்குள் ஒன்று இருந்தது. மேல்தட்டில், தொப்பிக்கும் சுவருக்கும் நடுவில், ஒன்று. கழுத்துத்துணி மடிப்பில் சின்னதாக, மெலிந்த ஒரு ஆண். நிலானி ஒவ்வொன்றாகச் சாடிக்குள் தட்டி விழுத்தினாள்.

“அந்தக் கோட்டை நான் எடுக்கிறன்” என்றாள் பிரியந்தினி.

“வேண்டாம் அக்கா.”

“என்ர வேலையே இதுதான். இடுக்கியைத் தாரும்.”

அவள் கோட்டின் வலது பையின் விளிம்பை இடுக்கியால் பிடித்து விரித்தாள். நிலானி வெளிச்சம் அடித்தாள். பைக்குள், துணியோடு துணியாக, பெரிய சிலந்தி ஒன்று தலைகீழாக இருந்தது. அதன் கால்களுக்கு நடுவில் வெளிர் நிற உருண்டை ஒன்று, புதிதாக, ஈரமாகத் தெரிகிற மாதிரி. போன வியாழக்கிழமை பிரியந்தினி இதே பைக்குள் கையை விட்டுக்கொண்டு கால்மணி நேரம் நின்றிருந்தாள். விரல் நுனியில் ஏதோ மெதுவாகத் தொட்டதும் நினைவிருந்தது. உள்துணியின் நூல் பிரிந்திருக்கிறது, தைக்கவேண்டும் என்று அப்போது நினைத்தாள்.

அன்று சிலந்தி அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் கை அசையாமல் இருந்ததால்தான் என்று, சிலந்தியையும் உருண்டையையும் சாடிக்குள் தள்ளிய பிறகு நிலானி சொன்னாள்.

கட்டிலையும் பார்த்தார்கள். மெத்தையைத் தூக்கியபோது லதீசன் படுக்கும் பக்கத்துச் சட்டத்துக்குக் கீழே இன்னொரு வலை. அதில் ஆள் இல்லை. மூடப்பட்ட சின்னச் சின்னப் பொட்டலங்கள் மட்டும் வரிசையில்லாமல் தொங்கின. அந்தக் கட்டிலில் பிரியந்தினி கோடை முழுக்க அவன் பக்கம்தான் படுத்தவள். தன்னுடைய பக்கத்தில் படுத்தால் மற்றப் பக்கம் வெறுமையாகத் தெரியும் என்று.

“வலை இருக்கு, ஆள் எங்கை?” என்றாள்.

நிலானி கட்டிலைச் சுற்றிச் சுவரெல்லாம் வெளிச்சம் அடித்தாள். ஹீற்றருக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில், மேசைக்குக் கீழே. கிடைக்கவில்லை.

அன்று மத்தியானமே பிரியந்தினி வீட்டுச் சங்கத்துத் தலைவிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னாள். மறைக்கலாம் என்று ஒருகணம் தோன்றியது உண்மை. எட்டாம் மாடியில் தவழுகிற பிள்ளை ஒன்று இருந்தது. அதை நினைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. பூச்சி ஒழிக்கிற ஆட்கள் திங்கட்கிழமை வந்து, அவளுடைய வீட்டையும் மேலே, கீழே, பக்கத்து வீடுகளையும் பார்த்தார்கள். மற்ற வீடுகளில் ஒன்றும் இல்லை. அவளுடைய வீட்டில் இன்னும் மூன்று பிடிபட்டன. கட்டிலுக்குரியது அதில் எது என்று யாருக்கும் தெரியாது. பிடிபட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்றார் வந்தவர். நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

இரண்டு கிழமை அவள் ஆரபி வீட்டில் இருந்தாள். ஆரபி முதல்நாள் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. பிரியந்தினி உடுப்பு மாற்றப் போகும்போதெல்லாம் பின்னால் வந்து, சட்டையை வாங்கி உதறிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

லதீசனின் உடுப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. தோய்த்து, உறைநிலையில் வைத்து எடுத்தால் பாவிக்கலாம் என்று பூச்சி ஆட்கள் சொல்லியிருந்தார்கள். பிரியந்தினி ஒரு சனிக்கிழமை தனியாகப் போய் அலுமாரி முன்னால் நின்றாள். ஒன்பது மாதமாக அவள் அந்த உடுப்புகளை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தாள். ஒருவரும் தொடாத, ஒருவரும் அசைக்காத, சூடான ஒரு மூலை. அந்த அமைதிதான் சிலந்திகளுக்குத் தேவைப்பட்டது. அவள் எல்லாவற்றையும் தடித்த பைகளில் போட்டுக் கட்டினாள். கோட்டையும் போட்டாள். கட்டும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பைகளை ஒவ்வொன்றாக மின்தூக்கியில் இறக்கிக் கொண்டுபோய், கழிவுக் கொள்கலனில் போட்டுவிட்டு வந்தாள்.

மற்றச் சிலந்திகளையெல்லாம் நிலானி உறைய வைத்துக் கொன்றாள். அதுகளுக்கு நோகாத வழி அதுதான் என்றாள். மருந்தடித்த நாட்களில் தன்னிடம் நின்ற, பெட்டியில் வளர்ந்ததை மட்டும் என்ன செய்ய என்று கேட்டாள். “நான் வைச்சிருக்கட்டே, அக்கா?”

பிரியந்தினி புதுப் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். “அவர் வளத்ததெண்டுதான் வைச்சிருந்தனான். இது அவரைக் கண்டதேயில்லை” என்றாள்.

“ஓம்.”

“நான்தான் இதுக்குச் சாப்பாடு போட்டனான். சின்னனிலையிருந்து.”

“ஓம் அக்கா.”

“அப்ப என்னோடையே இருக்கட்டும்.”

டிசெம்பரில் அவள் ட்வெய்ட்டா வீட்டுக்குத் திரும்பினாள். மருந்து வாசம் போயிருந்தது. கட்டிலை யன்னல் பக்கம் நகர்த்தி, நாலு சுவரிலிருந்தும் தள்ளிப் போட்டாள். நிலானி தேர்ந்து கொடுத்த பெட்டியைச் சாமான் அறையில் வைக்காமல் வெளியறை மேசையில், தான் இருந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்துக்கு நேரே வைத்தாள். ஆரபி வந்தால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது. பிரியந்தினி அடிக்கதவைத் திருகி, ஒரு சில்வண்டை உள்ளே விட்டு, திருகி மூடி, இரண்டுதரம் சரிபார்த்தாள். சில்வண்டு தரையில் இரண்டு எட்டு வைத்தது. நிலத்தில் ஒட்டியிருந்த நூல் ஒன்று அதன் காலில் பட்டதும் மேலே வலை முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. சிலந்தி இறங்கி வந்தது. வந்து, அக்ரிலிக்குக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேரே வயிற்றைக் காட்டியபடி நின்றது. சிவப்பு மணற்கடிகாரம் முழுசாகத் தெரிந்தது.

“உன்ர அம்மாவை வளத்தவர் லதீசன் எண்டு ஒருத்தர்” என்றாள் பிரியந்தினி. வெறும் வீட்டில் அவளுடைய குரல் அவளுக்கே வேறொருவருடையது போலக் கேட்டது. “பஸ் ஓட்டினவர். நல்ல மனுசன். அவர் செத்துப்போனார்.”

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. மற்றவர்கள் சொல்லும்போது இதுவரை தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

சிலந்தி பின்னங்கால்களால் நூலை இழுத்து இழுத்துச் சில்வண்டின்மேல் போட்டது. ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சில்வண்டு துடிப்பதை நிறுத்தியது. பிரியந்தினி கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டு, அது தின்று முடியும்வரை இருந்து பார்த்தாள்.